ஓவர்கிளாக் செய்த கணினி வாங்குகிறீர்களா? வெப்பநிலையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்

கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, "டியூன் செய்து தருகிறோம்" என்று ஓவர்கிளாக் செய்த கணினியை, அதாவது பிராசஸரைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவைத்த கணினியை, விற்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. எல்லாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு விற்றவர்கள் செய்தது அப்பட்டமான ஏமாற்று வேலை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அதே வேலை எங்கே நடந்தாலும் உங்களால் பிடித்துவிட முடியும்.

வாங்கியது ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர் போட்ட கணினி. எட்டுக் கோரும் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) எப்போதும் 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓடும், முழுதாகச் சோதித்துவிட்டோம், டியூனிங்கிற்கும் சேர்த்தே ஒரு வருட உத்தரவாதம் என்றார்கள். ஆதாரமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அதில் வெப்பநிலை, வோல்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் திறந்திருக்கிறது, வெப்பநிலை 68 டிகிரி. கோர் வோல்டேஜ் (கோர்களுக்குப் போகும் மின்னழுத்தம்) வரும் வரிகள் மட்டும் படத்தில் இல்லை, அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது. அந்த 68 டிகிரியும் ஏதோ ஒரு கேம் ஓடும்போது எடுத்தது. கேமில் எட்டுக் கோரும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் இருப்பது அரிது. வீட்டில் வீடியோ ரெண்டரிங் போட்டதும் சில நொடிகளிலேயே 90 டிகிரியைத் தொட்டுவிட்டது.

போன் செய்து கேட்டேன். "அது அப்படித்தான் சார் இருக்கும், ரைசனுக்கு 95 வரைக்கும் பயமே இல்லை" என்றார்கள். 95 டிகிரி என்பது ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொன்ன வரம்பு. அந்த வரிசையில் முழுச் சுமையில் 95 வரை போவது வடிவமைப்பிலேயே இருக்கிறது. 5800எக்ஸுக்கு வரம்பு 90 டிகிரி. அதே 7000 வரிசையிலும் 7800எக்ஸ்3டிக்கு 89 டிகிரிதான். இன்டெல் 13900கே என்றால் 100 டிகிரி. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு எண் இருக்கிறது, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பொத்தாம்பொதுவாக ஒரு எண்ணைச் சொல்கிறவர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சில மாதங்கள் ஓடியது. பிறகு ரெண்டரிங் பாதியில் நிற்க ஆரம்பித்தது. ப்ளூ ஸ்கிரீன்கூட வராது, திரை அப்படியே கறுத்து, கணினி தானாக மறுபடி தொடங்கும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் 'வீயா லாகர்' என்ற பெயரில் வரிசையாகப் பிழைகள். பிராசஸர் கோரிலோ, அதன் உள் நினைவகமான கேஷிலோ வன்பொருள் பிழை ஏற்பட்டால் பதிவாகும் இடம் அது. கடையில் முதலில் ரேம் கோளாறு என்றார்கள். அப்புறம் விண்டோஸை மறுபடி போடுங்கள் என்றார்கள். அதற்கும் அடங்காததும், கணினியை அனுப்பி வையுங்கள் என்றார்கள். திரும்பி வந்தபோது "சரியாகிவிட்டது" என்று ஒரு சீட்டு இருந்தது. பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்கு மாற்றப்பட்டிருந்தன. வேகமும் பழையபடி குறைந்திருந்தது. பணம் கொடுத்து வாங்கிய டியூனிங் அங்கே இல்லவே இல்லை.

ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நிறைய மதர்போர்டுகளில், ஓவர்கிளாக் அமைப்புகளைத் தனி ப்ரொஃபைலாகச் சேமிக்கலாம். பயாஸை ரீசெட் செய்தாலும் அது பெரும்பாலும் அழியாது. ப்ரொஃபைல் பட்டியலின் முதல் இடத்திலேயே அவர்கள் சேமித்தது இருந்தது. ஏற்றிப் பார்த்தேன். கோர் வோல்டேஜ் மேனுவலில் 1.425 வோல்ட். சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடித்துவைக்கும் லோட்லைன் கேலிபரேஷன் இருப்பதிலேயே உச்சநிலையில்.

இதைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதிலைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். "ஸ்டாக்கிலேயே அந்த பிராசஸர் 1.45க்கு மேல போகும் சார், 1.42 எல்லாம் ஒண்ணுமே இல்லை." கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். பாதி உண்மையும்கூட. தொழிற்சாலை அமைப்பில் ஒன்றிரண்டு கோர் மட்டும் லேசான வேலை செய்யும்போது 5800எக்ஸ் 1.45 வோல்டைத் தாண்டிப் போகும். அப்போது ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. எட்டுக் கோரும் கடுமையாக உழைக்க ஆரம்பித்தவுடன், பிராசஸரே வோல்டேஜை வெகுவாகக் கீழே இறக்கிவிடும். வெப்பம், மின்னோட்டம், வோல்டேஜ் மூன்றையும் நொடிக்குப் பலமுறை பார்த்து முடிவெடுக்கும் கண்காணிப்பு உள்ளேயே இருக்கிறது. மேனுவலில் ஓர் எண்ணைப் போட்டுப் பூட்டினால் அந்தக் கண்காணிப்பு ஒதுங்கிக்கொள்கிறது. லேசான சுமைக்கு மட்டும் தாங்கக்கூடிய வோல்டேஜ், முழு மின்னோட்டம் ஓடும்போதும் அப்படியே நிற்கிறது. ஒரு நிமிட ஓட்டத்திற்குத் தாங்கும் வேகத்தில் ஒருவனை நாள் முழுக்க ஓடச் சொல்வது மாதிரிதான் இது.

அதிக மின்னோட்டம் ஓடும்போது, சிப்புக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்களே மெல்ல இடம்பெயர்கின்றன. எலக்ட்ரோமைக்ரேஷன் என்பார்கள். மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் கூடக்கூட இது வேகமெடுக்கும். அதிக வோல்டேஜில் டிரான்சிஸ்டர்களும் தனியாகத் தேய்கின்றன. ஒரே நாளில் ஒன்றும் நடக்காது. நேற்று 1.30 வோல்டில் நிலையாக ஓடியது கொஞ்ச நாள் கழித்து 1.33 கேட்கும், அப்புறம் 1.36 கேட்கும். கடைசியில் தொழிற்சாலை அமைப்பிலேயே தடுமாறும். போனது திரும்பி வராது. நல்ல கூலர் போட்டுவிட்டால் வெப்பநிலை அழகாகத் தெரியும், வோல்டேஜால் வரும் தேய்மானம் அதில் தெரியவே தெரியாது. வெப்பநிலைப் படத்தை மட்டும் காட்டி விற்பது இதனால்தான் வசதியாக இருக்கிறது.

லோட்லைன் விஷயமும் அப்படியே. சுமை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அந்த இறக்கத்தைச் சுத்தமாக இல்லாமல் செய்ய உச்சநிலையில் வைத்தால், சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் போட்ட எண்ணையும் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளல் மென்பொருளில் தெரியாது, வோல்டேஜின் நொடிநேர ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவி வைத்தால்தான் தெரியும்.

இது ஏதோ அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2000களின் தொடக்கத்தில், நார்த்வுட் வகை பென்டியம் 4 பிராசஸர்களை 1.7 வோல்டுக்கு மேல் ஏற்றியவர்கள், அவை திடீரென்று செத்துப்போவதைப் பார்த்தார்கள். 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில எரிந்துபோன பிறகு, எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) 1.3 வோல்டைத் தாண்டக் கூடாது என்று பயாஸிலேயே பூட்டு வந்தது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் ஓவர்கிளாக்கே செய்யாமல் தடுமாறின. அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணம் என்று இன்டெலே ஒப்புக்கொண்டு, 1.55 வோல்டுக்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. தயாரித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், கடையில் அவசரமாகப் போடும் எண்ணை எப்படி நம்புவது?

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள். எல்லாக் கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு? பிராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 அல்லது ஓசிசிடி மென்பொருள் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடி முடிந்தபின் எடுத்த முழுப் படம் வேண்டும், வெட்டாமல். வோல்டேஜ் மேனுவலில் பூட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். 5800எக்ஸ் மாதிரியான பிராசஸரில் முழுச் சுமைக்கு 1.3 வோல்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பழகியவர்களின் வழக்கம். வேறு தலைமுறைக்கு அந்த எண் பொருந்தாது. 1.25இலிருந்து 1.40க்கு ஏற்றினால், வேகம் ஒரு துளி கூடாமலேயே மின்செலவு ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். வோல்டேஜின் வர்க்கத்தில் கூடுவதால் வரும் கணக்கு அது.

என் பிராசஸர் இப்போது தொழிற்சாலை அமைப்பிலும் பிழை காட்டுகிறது. உச்ச வேகத்தைக் குறைத்து வைத்தால்தான் ரெண்டரிங் முடிகிறது. ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தைத் தயாரிப்பாளர் உத்தரவாதம் ஏற்பதில்லை. கடைக்காரர்களோ, தாங்களே செய்த ஓவர்கிளாக்கைக் காட்டி, "ஓவர்கிளாக் செய்த பிராசஸருக்கு வாரண்டி கிடையாது" என்கிறார்கள். விலைச்சீட்டில் 'டியூனிங் உட்பட' என்று எழுதியிருப்பதையும் பயாஸ் படங்களையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் இப்படி வாங்கிய கணினி இருந்தால், சர்வீஸுக்கு அனுப்பும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும், சேமித்த ப்ரொஃபைல்களையும் போனில் படமெடுத்து வையுங்கள். பயாஸை அப்டேட் செய்தால் அந்த ப்ரொஃபைல்களும் போய்விடலாம்.