சந்தைப்பேட்டைப் பட்டறைக் கோடாலி: ஒரு பொங்கல் லீவு முழுக்க விறகு பிளந்து பார்த்ததில்

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் விறகு பிளப்பது என் வேலை. சிவகங்கைப் பக்கம் கிராமம். கேஸ் அடுப்பு இருந்தாலும் குளிக்க வெந்நீர் விறகில்தான், பொங்கல் பானையும் விறகில்தான். கொல்லையில் கிடப்பதெல்லாம் சீமைக்கருவேலம். முறுக்கும் கணுவுமாக இருக்கும், லேசில் பிளக்காது.

போன வருடம் ஒரு கடையில் வாங்கிய கோடாலி, ஓங்கும்போதே தலை கழன்று மாட்டுத் தொட்டி வரை பறந்தது. நாலடி தள்ளித் தங்கை மகன் நின்றுகொண்டிருந்தான். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. அதனால் இந்த முறை போகிக்கு முன்பே சந்தைப்பேட்டைக் கொல்லுப்பட்டறையில் சொல்லி அடித்து வாங்கினேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. காம்போடு சேர்த்து 900 ரூபாய்.

காம்பைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கடைக் கோடாலியில் காம்பு முனையை இழைத்துச் செருகி, மேலே சின்ன ஆப்பு அடித்திருந்தார்கள். வெயிலில் மரம் சுருங்கியதும் அது தளர்ந்துவிட்டது. இங்கே நாட்டுக்கருவேலக் காம்பு, மேல்முனை பெருத்து அடி சிறுத்திருக்கிறது. கோடாலித் தலையின் துளை வழியாகக் காம்பை மேலிருந்து இறக்குகிறார்கள். ஓங்க ஓங்கத் தலை பெருத்த முனையில் போய் இறுகுமே தவிரக் கழலாது.

"ஆடினா தண்ணியில ஊறப்போடலாமாண்ணே?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

"ஊறினா ரெண்டு நாள் நிக்கும் தம்பி, காஞ்சதும் முன்னைவிட மோசமா ஆடும். கவுத்துப் புடிச்சு, காம்போட மேல்முனையைத் தரையில நாலு தட்டுத் தட்டு, போதும்" என்றார்.

வாய் அப்படியொன்றும் கூர்மை இல்லை, விறகு பிளக்க அது தேவையும் இல்லை. வாய்க்குப் பின்னால் கன்னம் பெருத்திருப்பதால் உள்ளே இறங்கியதும் கட்டையை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. காய்ந்த கட்டையின் முகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். அந்தக் கோட்டிலேயே, விளிம்போரமாகப் போட்டால் டக்கென்று விலகி உள்ளே செம்பழுப்பாக வைரம் தெரிகிறது. கணு உள்ள கட்டை மட்டும் மசியவில்லை, அதற்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான் வேண்டும்.

குறை என்றால், வாயில் பிசிறு இருந்தது. அரத்தால் அரை மணி நேரம் தேய்த்தேன். தலை கிட்டத்தட்ட 2 கிலோ, அம்மாவால் தூக்கி ஓங்க முடியாது. பொங்கல் நேரம் அரிவாள் சாணை பிடிக்கக் கூட்டம் இருக்கும், இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று காலையில் முழுக் குவியலும் முடிந்தது. "சின்னதா பிளடா, பால் பொங்குறப்ப தீ சட்டுனு புடிக்கணும்" என்றார் அம்மா, அதற்கென்று ஒரு கட்டு தனியாக. மீதியைத் தாழ்வாரத்தில், கரையான் ஏறாமல் அடியில் செங்கல் வைத்து, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினேன். காம்பு இன்னும் ஆடவில்லை. ஆப்புக்கும் அதே பட்டறையில் சொல்லியிருக்கிறேன், சித்திரையில் போய் வாங்க வேண்டும்.