280 ரூபாய்த் தக்காளி

இட்லித் தட்டு வாங்கப் போன திருப்பூர்ப் பாத்திரக்கடையில் இதுவும் பைக்குள் ஏறிக்கொண்டது. தக்காளி வடிவத்தில் ஒரு சமையல் டைமர். பாட்டரி கிடையாது. மேல்பாதியைத் திருகினால் உள்ளே சுருள்வில் இறுகும். டிக் டிக் என்று ஓடிப் பூஜ்யத்துக்கு வந்ததும் மணி அடிக்கும். அதிகபட்சம் 60 நிமிடம். அட்டைப்பெட்டியில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை. விலை 280 ரூபாய்.

நான் வாங்கியது இட்லிக்காக அல்ல. வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒன்பது ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் இரண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்: 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. அந்த இரண்டு தேதிகளுக்கு முந்தைய மூன்று நாள்களில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருபவர்கள் பாவம் செய்தவர்கள். மகளுக்கு நாலரை வயது. பகல் பன்னிரண்டரைக்கெல்லாம் பள்ளி விட்டு வந்துவிடுவாள்.

இந்தத் தக்காளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் இப்படியொரு டைமரை மேசையில் வைத்துக்கொண்டு படிக்கப் பழகினார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. பொமோடோரோ என்று அந்த முறைக்குப் பெயர். இத்தாலிய மொழியில் தக்காளி என்று பொருள். அதில் ஒரு விதி இருக்கிறது. நடுவில் எழுந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாணவர் போட்ட விதி என்பது அதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

முதல் வாரம் என் மேசையில் வைத்தேன். ஆறு நாள்களில் 31 சுற்றுகள் தொடங்கி, முழுதாக மணி அடித்தவை 9. மற்றவற்றைச் சிலிண்டர்காரர் ஓடிபி கேட்டுக் கெடுத்தார், கீரைக்காரம்மா கெடுத்தார், "அம்மா, கழுவிவிடு" என்ற குரல் கெடுத்தது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கெடுத்தது குக்கர். முன்னறையில் இருந்தபடி அத்தை, "அம்மிணி, மூன்றாவது விசில் வந்துவிட்டதா?" என்று கேட்பார். இன்வாய்ஸ் எண்களுக்கு நடுவே விசில் எண்ணும் வேலையையும் இத்தனை ஆண்டுகளாக நான்தான் பார்த்துவந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது வாரம் தக்காளியை என் மேசையிலிருந்து எடுத்து, முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். 280 ரூபாய்க்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். மகளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் அம்புக்குறிக்கு நேராக 5 வந்துவிட்டதென்றால் அம்மா வரப்போகிறாள் என்று தெரியும். "பத்து நிமிடம் இரு கண்ணு" என்று நான் சொல்லும் பத்து நிமிடத்தை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. சரிதான், அது முக்கால் மணி நேரமாகத்தானே இருந்தது? தக்காளி பொய் சொல்வதில்லை. கைப்பேசி டைமரிலும் இதே 25 நிமிடம்தான், ஆனால் அது என் கைக்குள் ஓடுவது வேறு யாருக்கும் தெரியாது. தவிர, டைமர் போட எடுத்த கைப்பேசியில் ஏழு வாட்ஸ்அப் செய்திகள் காத்திருக்கும்.

மாமா ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரு நாழிகைக் கணக்குத்தானே?" என்றார். ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நிமிடம்தான் வித்தியாசம். அன்றுமுதல் நான் அறைக்குள் இருக்கும்போது யாராவது வந்தால், "இன்னும் அரை நாழிகை, உட்காருங்கள்" என்று அவரே சொல்லிவிடுகிறார். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம் என்பதால் அத்தை எந்தப் புது வேலையையும் தொடங்க மாட்டார், என்னையும் கூப்பிட மாட்டார். ஒன்றரை மணி நேரம். ஓய்வோடு சேர்த்துச் சரியாக மூன்று தக்காளி. சிக்கலான ரிட்டர்ன்களை எல்லாம் இப்போது ராகு காலத்தில்தான் முடிக்கிறேன்.

குறைகளும் உண்டு. டிக் டிக் சத்தம் கதவைத் தாண்டி வரும். ஒருமுறை அறைக்குள்ளேயே வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேசினேன், "என்னங்க மேடம், நீங்களும் மெஷின் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். மணி மூன்று நொடிதான் அடிக்கும். மிக்ஸி ஓடினால் கேட்காது. 25 நிமிடம் வைத்தால் கைப்பேசிக் கடிகாரத்தைவிட 40 நொடி பிந்தி அடிக்கிறது, அது பரவாயில்லை. ஐந்து நிமிடம் மாதிரிச் சின்ன அளவுகளுக்கு, முதலில் 55 வரை திருகி வில்லை நன்றாக இறுக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் சில நேரம் அடிக்காமலேயே நின்றுவிடும். நான்காம் மாதம் வில் போய்விட்டது. கடையில் மாற்றித் தரவில்லை. இரண்டாவதாக 310 ரூபாய்க்கு வாங்கியதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.

இன்னொன்று, குழந்தைக்கு அதைத் திருகத் தெரிந்துவிடும். ஒருநாள் உட்கார்ந்து எட்டு நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. போய்ப் பார்த்தால் மகள் தக்காளியை மடியில் வைத்துக்கொண்டு, "அடித்துவிட்டது அம்மா!" என்கிறாள். அதிலிருந்து அது டிவிக்குப் பக்கத்திலிருந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. பதிலுக்கு அவளும் ஒரு விலை கேட்டாள். மாலையில் ஒரு தக்காளி அவளுடையது. அது அடிக்கும்வரை நான் மடிக்கணினியைத் தொடக்கூடாது. 19-ஆம் தேதியன்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் பகலில் வீட்டில் இன்னொரு பெரியவரும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். பசிக்கு அம்புக்குறி தெரியாது, தூங்கும் பிள்ளையை மணியே எழுப்பிவிடும். வாங்கும்போது கடையிலேயே ஐந்து நிமிடம் வைத்து, அடிக்கும்வரை நின்று பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். நான் முதல்முறை அந்த முறைப்புக்குப் பயந்துதான் பார்க்காமல் வாங்கி வந்தேன்.