தவணை முடிவுச் சொற்புதிர்க் கட்டு: பெட்டிக்கு ஓர் எழுத்து

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்து, ஆசிரியர்கள் புள்ளி போட்டுத் தேர்ச்சி அறிக்கை எழுதும் நாட்களுக்கென்றே அச்சிட்ட கட்டு இது. மார்கழி விடுமுறைக்கு முன் திருகோணமலைப் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. ஏ4 அளவில் 24 தாள்கள், தரம் 2 முதல் 5 வரை தரத்துக்கு ஆறு. விலை 350 ரூபா. வகுப்புக்குப் பிரதி எடுக்கலாம் என்று அட்டையிலேயே அனுமதி தந்திருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு அது பெரிய உதவி.

தமிழ்ச் சொற்புதிரில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்கணக்கு. பிள்ளை ‘கோட்டை’ என்று உச்சரித்துக் கைதட்டினால் கோ, ட், டை என்று மூன்று தட்டு. ஆகவே மூன்று பெட்டி. கணினிக்குள் இதே சொல் க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி என ஆறு துண்டாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கென எழுதிய புதிர்ச் செயலியில் தமிழைக் கொட்டினால் அந்த ஆறும் ஆறு பெட்டியில் போய் விழும். இந்தக் கட்டின் பெரும்பாலான தாள்களில் கணக்குச் சரி. தரம் 3க்கான இரண்டு சொல் தேடல் தாள்களில் மட்டும் ஒரு பெட்டியில் வெறும் கொம்பும் இன்னொன்றில் வெறும் அரவும் (ா) நிற்கின்றன. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் காணப் பழகும் வயதில் அதை உடைத்துக் காட்டுவது கெடுதல். அந்த இரண்டையும் பிரதி எடுக்க வேண்டாம்.

தரம் 2க்கான சொல் தேடல் நன்று. ஆறுக்கு ஆறு கட்டம், ஆறு சொற்கள், எல்லாம் இடமிருந்து வலம் அல்லது மேலிருந்து கீழ். சொற்கள் இருபது பெட்டியளவு பிடிக்க, மிச்சம் பதினாறை நிரப்பு எழுத்துக்கள் நிறைக்கின்றன. நிரப்பியவர் விஷயம் தெரிந்தவர். 247 எழுத்திலும் கண்ணை மூடி அள்ளினால் ஙூ, ஞௌ என்று வாசிப்பில் வராதவை வந்து சேரும். பிள்ளை அவற்றைத் தள்ளிவிட்டு விடையை வாசிக்காமலே கண்டுவிடும். இங்கே க, ம, து, ல் என்று விடைச் சொற்களில் உள்ள எழுத்துக்களையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். தரம் 4இல் வலமிருந்து இடமாகவும் சொற்களை ஒளித்தது தேவையில்லாத வேலை. ‘ம்ரம’ என்று தேடுவதால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு சொல்கூடப் புதிதாக வராது.

கட்டின் உயிர் என்று சொல்லத்தக்கவை ஒலி மயங்கும் சொற்களுக்கான நான்கு தாள்கள். ‘அடுப்பில் எரிவது, சட்டியில் கொதிப்பது’ என்று கேட்டுக் கரி, கறி இரண்டையும் ஒரே கட்டத்தில் தேட வைக்கிறார்கள். ‘வலையில் படுவது, குலை தள்ளுவது’ என்றால் வாளை, வாழை. எல்லாவற்றிலும் சிறந்தது ஊர்ப்பெயர்த் தாள்: ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் கன்னியாவுக்கு ன், னி, கிண்ணியாவுக்கு ண், ணி. இரண்டும் நான்கு எழுத்து, இரண்டும் ‘யா’வில் முடிகின்றன, அந்த ஒரே பெட்டியில் ஒன்று குறுக்காகவும் மற்றது நெடுக்காகவும் வந்து சேர்கின்றன. றன்னகர ணகரம் பற்றி எத்தனை தரம் கரும்பலகையில் எழுதினாலும் பதியாதது இந்த மூலையில் பதியும்.

எழுத்துக்களைக் கலைத்துப் போட்டுச் சொல் கேட்கும் தாள்கள் பலவீனம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே ‘ட, ல், க’ என்று கொடுத்தவுடன் ல் கடைசி என்பது தெரிந்துவிடுகிறது. மூன்றெழுத்துச் சொல்லில் அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. இன்னொரு குறை பாரதூரமானது: குறிப்பே இல்லாமல் ‘ர, ம், ந, க’ என்று தந்திருக்கிறார்கள். விடைத்தாளில் ‘நகரம்’. ‘நரகம்’ என்று எழுதும் பிள்ளைக்கு எப்படிப் பிழை போடுவது? பிரதி எடுக்குமுன் பக்கத்தில் ‘பெரிய ஊர்’ என்று பேனையால் எழுதிவிடுங்கள்.

சொற்பட்டியலில் ஓரிடத்தில் ‘பனிமனிதன்’ நிற்கிறது. ஆண்டு முடிவில் இங்கே வாடைக்காற்றும் மாரி மழையும்தான்; குடை, வெள்ளம், மின்னல் என்று இருந்திருக்க வேண்டும். பண்டிகைத் தாளில் அந்தக் கவனம் இருக்கிறது. பொங்கல், பெருநாள், நத்தார் மூன்றும் நான்கெழுத்து, வெசாக் மூன்று. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தன் சொல் ஒன்று அகப்படும்.

அச்சு பற்றி ஒரு வார்த்தை. தரம் 2, 3 தாள்களில் பெட்டி ஒரு சென்றிமீற்றருக்குச் சற்றுக் கூட, பென்சிலால் வட்டமிடப் போதும். தரம் 5 குறுக்கெழுத்தில் பெட்டி சிறுத்துவிட்டது. ‘ணை’, ‘லை’ போன்றவற்றைக் கொம்போடு எழுத இடமில்லை. பிரதி எடுக்கும்போது ஏ3க்குப் பெருப்பித்தால் சரிவரும். சாம்பல் நிழல் போட்ட பெட்டிகள் போட்டோக்கொப்பியில் கறுத்துவிடுகின்றன, இயந்திரத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

கடைசித் தாள் வெறுங் கட்டம், பிள்ளைகளே குறுக்கெழுத்து அமைப்பதற்கு. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த தரம் 5க்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. ஆனால் எப்படித் தொடங்குவது என்று தாளில் ஒரு வரியும் இல்லை. குறுக்காகத் ‘துறைமுகம்’ எழுதச் சொல்லுங்கள், ஐந்து பெட்டி. மூன்றாம் பெட்டி ‘மு’விலிருந்து கீழே ‘முத்து’ இறங்கட்டும். ஐந்தாம் பெட்டி ‘ம்’ எந்தச் சொல்லுக்கும் முதலாகாது. நடுவில் ம் உள்ள ‘பாம்பு’ அதன் வழியே மேலிருந்து கீழாகக் கடக்கலாம். நான்காம் பெட்டி ‘க’விலிருந்து ‘கப்பல்’ இறக்கத்தான் எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். இறக்கினால் அது முத்தோடும் பாம்போடும் ஒட்டி ‘த்ப்பு’ என்று அர்த்தமில்லாத வரி உண்டாகும். அதைத் தடுக்காமல் ஒருமுறை எழுதவிட்டு, குறுக்காகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.