கேர்ள்ஸ், கேர்ள்'ஸ், கேர்ள்ஸ்': மூன்றில் எது சரி?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் தொடங்கியதும் நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஆங்கிலப் பலகைகள் முளைத்துவிடும். ஒன்றில் மேங்கோஸ் என்றிருக்கும், அடுத்ததில் மேங்கோ'ஸ் என்றிருக்கும். வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒரே ஓசைதான். குழப்பத்தின் வேரே அதுதான். தமிழில் பன்மைக்குக் "கள்", உடைமைக்கு "உடைய", இரண்டும் சேர்ந்தால் "களுடைய" என்று தனித்தனியாகக் காதில் விழுகிறது. ஆங்கிலமோ மூன்று வேலையையும் ஒரே எஸ் தலையில் கட்டிவிட்டு, வித்தியாசம் காட்டும் பொறுப்பை அப்பாஸ்ட்ரபி (') என்ற மேற்குறியிடம் விட்டுவிட்டது.

ஆகவே எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். "கள்" மட்டும் வந்தால் அப்பாஸ்ட்ரபிக்கு அங்கே இடமில்லை. விற்பனைக்கு இருப்பவை மாம்பழங்கள். எனவே மேங்கோ'ஸ் தவறு. எம்எல்ஏ'ஸ் என்று பேனரில் அச்சடிப்பதும் இதே தவறுதான், எம்எல்ஏஸ் போதும்.

மேங்கோஸ் என்பதை எழுத்துக் கூட்டுவதிலும் இரண்டு வழிகள் உண்டு. ஓ-வுக்குப் பின் வெறும் எஸ் போடலாம், ஈ-யும் எஸ்ஸும் சேர்த்தும் போடலாம். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஈ சேர்த்து எழுதுவதையே நான் சொல்வேன். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வியாபாரம் செய்பவருக்கு டொமேட்டோஸில் அந்த ஈ கட்டாயம். இரண்டுக்கும் ஒரே பழக்கம் இருந்தால் கை தடுமாறாது. போட்டோஸுக்கு மட்டும் ஈ கூடாது.

பள்ளிப் பெயர்ப் பலகையில்தான் உண்மையான போட்டி. கேர்ள்'ஸ் ஸ்கூல் என்றால் ஒரே ஒரு மாணவியின் பள்ளி. அதை உடனே தள்ளிவிடலாம். எஸ்ஸுக்குப் பின் குறி வரும் கேர்ள்ஸ்' என்பது "பெண்களுடைய பள்ளி", இலக்கணப்படி பழுதில்லாதது. குறியே இல்லாத கேர்ள்ஸ் என்பது "பெண்கள் பள்ளி" என்று நாம் சொல்வதைப் போன்றது. அங்கே பன்மைச் சொல் உடைமையைக் காட்டாமல் பள்ளியின் வகையைக் காட்டுகிறது. எனவே அதையும் தவறென்று சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரை எழுதும்போது சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், திருத்தப் போகாதீர்கள். தேர்வுத்தாளில் மட்டும் கேர்ள்ஸ்' என்று குறியோடு எழுதுவதே பத்திரம்.

ஆனால் விமன் என்ற சொல்லுக்கு இந்த விதியை நீட்டக் கூடாது. அது எஸ் இல்லாமலே பன்மை. உடைமைக்குத்தான் எஸ்ஸே வருகிறது. அதனால் குறி எஸ்ஸுக்கு முன்னால்: விமன்'ஸ். தருமபுரிக்காரர்கள் இதில் தவறக் கூடாது என்பது என் ஆசை. 1989-இல் ஐஃபாட் என்ற ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வித்திட்ட விமன்'ஸ் டெவலப்மென்ட் புராஜெக்ட் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்தக் குழுக்களின் பேனரிலேயே விமன்ஸ்' என்று அச்சாகிவிட்டால் மனம் பொறுக்கவில்லை. சில்ட்ரன்'ஸ் என்பதற்கும் இதே கணக்கு.

செப்டம்பர் 5 ஆசிரியர்கள் எல்லாருக்குமான நாள், எனவே டீச்சர்ஸ்' டே. மதர்'ஸ் டே அப்படியல்ல. அந்த நாளைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் பெண்மணி அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் தன் தாயைப் போற்ற வேண்டும் என்பதற்காகவே ஒருமையில் பிடிவாதமாக நின்றார்.

எஸ்ஸில் முடியும் பெயர்களுக்கு உடைமை காட்டுவதில் ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையிலேயே ஒற்றுமை கிடையாது. அமெரிக்காவுக்குள்ளேயே இரண்டு கட்சி. தாஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டால், பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு தாஸ்'ஸ் என்று இன்னொரு எஸ் கேட்கும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேட்டுக்குத் தாஸ்' போதும். நம் பிள்ளைகளுக்கு நான் முதலாவதைத்தான் பரிந்துரைப்பேன். "தாசஸ்" என்று வாய் உச்சரிப்பதைக் கையும் எழுதுகிறது, தனி விதி ஒன்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எதை எடுத்தாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கூட்டுக் கடைக்கும் தனிக் கடைக்கும் வேறுபாடு உண்டு. ரவி அண்ட் குமார்'ஸ் ஷாப் என்றால் இருவருக்கும் பொதுவான ஒரே கடை. ரவி'ஸ் அண்ட் குமார்'ஸ் ஷாப்ஸ் என்றால் பாகம் பிரித்தாகிவிட்டது, ஆளுக்கொரு கடை.

இட்ஸ் என்பதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். "அதனுடைய" என்ற பொருளில் குறி கிடையாது, ஹிஸ் என்பதற்கு இல்லாததைப் போலவே. இட்'ஸ் என்று குறியிட்டால் அது "இட் இஸ்" அல்லது "இட் ஹேஸ்" என்பதன் சுருக்கம் மட்டுமே.