ஸ்கொலாஸ்டிக் சிறுகதைப் போட்டி: பத்து டாலருக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்து, அது கதையும் எழுதுகிறது என்றால் ஸ்கொலாஸ்டிக் ஆர்ட் அண்ட் ரைட்டிங் அவார்ட்ஸ் என்ற பெயர் எப்படியும் காதில் விழுந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் 1923இல் தொடங்கிய போட்டி. எழுத்தாளர்கள் சில்வியா பிளாத், ட்ரூமன் கபோட்டி, ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் எல்லாம் பள்ளிப் பருவத்தில் இதில் பரிசு வாங்கியவர்கள். பிள்ளைகளை இழுப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். போட்டி எந்த விதத்தில் நடக்கிறது என்பதை அதே அளவுக்கு யாரும் விளக்குவதில்லை. அது புரியாமல் அனுப்பிவிட்டு, முடிவு வரும் நாளில் ‘எனக்கு எழுத வராது’ என்று முடிவு கட்டிவிடும் பிள்ளைகள் நிறைய.

முதலில் அடிப்படை. வயது 13 நிறைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, வீட்டுக் கல்வி எதுவானாலும் சரி. கனடாவில் படிப்பவர்களும் சேரலாம். ஒரு கதைக்குக் கட்டணம் 10 டாலர். கட்ட முடியாத குடும்பங்களுக்கு விலக்குப் படிவம் உண்டு, அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. செப்டம்பரில் வாசல் திறக்கும். கடைசித் தேதி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்: சில இடங்களில் டிசம்பர் முதல் பாதி, சில இடங்களில் ஜனவரி தொடக்கம். பக்கத்து மாநிலத்துத் தோழியின் தேதியை நம்பி ஏமாறுவது ஆண்டுதோறும் நடக்கிறது. கணக்குத் தொடங்கி முகவரியைக் கொடுத்ததும் உங்கள் வட்டாரமும் அதன் கெடுவும் தெரிந்துவிடும். அதை அன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

தேர்வு இரண்டு கட்டம். நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள் இருக்கின்றன. முதலில் வட்டார நடுவர்கள் படித்து, தேறியவற்றை மேலிருந்து கீழாக கோல்ட் கீ, சில்வர் கீ, ஹானரபிள் மென்ஷன் என்று மூன்று தரமாகப் பிரிப்பார்கள். கோல்ட் கீ பெற்றவை மட்டும் தேசியச் சுற்றுக்குத் தாமாகவே போகும். சில்வர் கீயின் பயணம் வட்டாரத்தோடு நின்றுவிடும். கோல்ட் கீ வாங்கிய எழுத்துகளில் ஐந்தை ஒவ்வொரு வட்டாரமும் ‘அமெரிக்கன் வாய்ஸஸ்’ விருதுக்குத் தனியாகப் பரிந்துரைக்கும். வட்டார முடிவு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள், தேசிய முடிவு மார்ச்சில். தேசியப் பதக்கம் வாங்கியவர்களுக்கு ஜூனில் நியூயார்க் கார்னகி ஹாலில் விழா.

அண்மை ஆண்டுகளில் ஓவியம், எழுத்து எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் மேல் படைப்புகள் வருகின்றன. அதில் தேசியப் பதக்கம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆக உண்மையான போட்டி வட்டாரத்தில்தான். அங்கே உங்கள் கதையை யார் படிக்கிறார், அவருக்கு முன்னால் என்ன குவியல் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். எழுதுகிற பள்ளிகள் நெருக்கமாக இருக்கும் பெருநகர வட்டாரத்தில் சில்வர் கீ வாங்குகிற கதை இன்னோரிடத்தில் கோல்ட் வாங்கக்கூடும். பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இந்தப் போட்டியின் பெரிய குறை, கருத்துரை கிடையாது என்பது. கதை ஏன் தேறவில்லை, எந்த இடத்தில் தொய்ந்தது என்று ஒரு வரிகூட வராது. பத்து டாலருக்கு ஒரு கெடுவும், தெரியாதவர் ஒருவரின் வாசிப்பும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சான்றிதழும் கிடைக்கும். எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் நவம்பரிலேயே கொடுத்து வாங்கும் பென்சில் குறிப்பு இதைவிடப் பெரிய லாபம்.

நடுவர்களுக்குக் கொடுக்கப்படும் அளவுகோல் மூன்று: புதுமை, எழுத்துத் திறன், எழுதுபவருக்கே உரிய குரல். மூன்றாவதில்தான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. இலக்கணப் பிழை இல்லாத, அழகான உவமைகள் நிறைந்த, ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கதைகள் குவியலில் பாதிக்கு மேல் இருக்கும். முதல் பத்தியில் அலாரம் அடித்து எழுவது, கடைசி வரியில் எல்லாம் கனவாகிப் போவது, ஒரு மரணத்தைக் கொண்டுவந்து கண்ணீரை வரவழைப்பது, அகராதியிலிருந்து பிடுங்கி நட்ட பெயரடைகள். பதினைந்து வயதில் இவை எல்லோருக்கும் வரும். திருத்தும்போது எடுத்துவிட்டால் போதும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிக் கண்ணி இருக்கிறது: டிபன் பாக்ஸ் கதை. பள்ளி உணவறையில் டப்பாவைத் திறக்கிறாள், சாம்பார் வாசனை வருகிறது, மற்றவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள், அவள் வெட்கப்படுகிறாள், கடைசியில் பாட்டியின் அருமை புரிகிறது. புலம்பெயர்ந்த எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இதை எழுதித் தீர்த்துவிட்டார்கள். நடுவர் முதல் பத்தியிலேயே முடிவை ஊகித்துவிடுவார். பாட்டி வரட்டும், ஆனால் ஆசீர்வாதம் செய்ய மட்டும் வர வேண்டாம். விசா நீட்டிப்புக்குப் பொய்க் காரணம் யோசிக்கிற பாட்டி, பேத்தியின் போனில் ரகசியமாகச் சீட்டு விளையாடுகிற பாட்டி என்றால் கதைக்குள் ஆள் நுழைந்துவிட்டார். கதை பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். இடையில் தமிழ்ச் சொல் வந்தால் அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுத வேண்டியதில்லை. வாக்கியத்தின் போக்கிலேயே பொருள் தெரியும்படி எழுதினால் அதுவே குரல்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பது அடுத்த சிக்கல். ‘ஷார்ட் ஸ்டோரி’ பிரிவுக்கு 600 முதல் 3,000 சொற்கள். ‘ஃப்ளாஷ் ஃபிக்ஷன்’ என்ற குறுங்கதைப் பிரிவுக்கு உச்சவரம்பு 1,000. அறிவியல் புனைவும் மாயக்கதையும் தனிப் பிரிவு, நகைச்சுவை தனி. ஒரே கதையை இரண்டு பிரிவில் போட முடியாது. 800 சொல் கதை இரண்டு வேலிக்குள்ளும் வருகிறதே, எங்கே அனுப்புவது? ஒரே காட்சி, ஒரே திருப்பம் என்றால் குறுங்கதைக்கு. இரண்டு மூன்று காட்சி நகர்ந்து பாத்திரம் மாறுகிறது என்றால் சிறுகதைக்கு; ஆனால் அங்கே 2,500 சொல் கதைகளின் பக்கத்தில் அது மெலிந்து தெரியும். பேய், ரோபோ வருகிற கதையைப் பொதுச் சிறுகதையில் போடுவது தவறில்லை என்றாலும், அந்த உலகத்தின் விதிகள்தான் கதையை நகர்த்துகின்றன என்றால் அதற்குரிய பிரிவே பாதுகாப்பு.

3,000 சொல் என்பது இரட்டை இடைவெளியில் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பக்கம். வரம்பைத் தொட வேண்டும் என்று இழுத்த கதைகள் நடுப்பகுதியில் தெரிந்துவிடும். 2,600 சொல்லில் முதல் பிரதியை முடித்து, 2,100க்கு வெட்டுவது நல்ல கணக்கு. வெட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது தொடக்கம்தான்: பெரும்பாலான கதைகளில் முதல் பத்தியை எடுத்தாலும் ஒன்றும் குறையாது. அக்டோபர் முடிவுக்குள் முதல் பிரதி, ஒரு வாரம் தொடாமல் வைப்பது, பிறகு வாய்விட்டுப் படிப்பது. நாக்கு தடுக்கும் உரையாடலை மாற்ற வேண்டும். வகுப்புக்காக எழுதிய கதையையும் அனுப்பலாம், ஆனால் ஆசிரியர் கேட்ட தலைப்பின் வாடை போகும்வரை திருத்துங்கள்.

பெயரை மறைத்துத்தான் படிக்கிறார்கள். ஆகவே கோப்பின் உள்ளே, தலைப்புக்குக் கீழே, பக்கத்தின் மேல் ஓரத்தில், எங்கும் மாணவர் பெயரோ பள்ளியின் பெயரோ இருக்கக் கூடாது. வகுப்புக்குக் கொடுத்த கோப்பை அப்படியே ஏற்றுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிய படைப்புகளுக்கு இங்கே இடமில்லை. ‘கொஞ்சம் மெருகேற்றத்தானே’ என்று கொடுத்தாலும் போவது குரல்தான். மெருகு ஏறிய பிறகு எல்லாக் கதையும் ஒரே மாதிரி ஒலிக்கும். அப்பா அம்மாவின் ‘திருத்தலும்’ ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரரின் வாக்கியம் பதினான்கு வயதுக் கதையில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பல படைப்புகளைச் சேர்த்து அனுப்பும் தொகுப்புப் பிரிவும் உண்டு. அதற்குக் கட்டணம் 30 டாலர். உச்சப் பரிசாகப் பத்தாயிரம் டாலருக்குக் குறையாத உதவித்தொகை. கல்லூரி விண்ணப்பத்துக்காக மட்டும் சேர்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பன்னிரண்டாம் வகுப்பில் முதல்முறை அனுப்பினால், முடிவு வருவதற்குள் பெரும்பாலான கல்லூரிகளின் விண்ணப்பக் கெடு முடிந்திருக்கும். அந்த நோக்கம் இருந்தால் பத்திலோ பதினொன்றிலோ தொடங்குவதுதான் பயன்.

கதையைத் தளத்தில் ஏற்றுவதோடு வேலை முடியாது. பெற்றோர் கையெழுத்து, கட்டணம் இரண்டும் கெடுவுக்குள் சேர வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் பறக்கிற குடும்பங்கள் இதில் சறுக்குவது வழக்கம்: பிள்ளை கதையை ஏற்றியிருக்கும், படிவம் மேசை இழுப்பறையில் கிடக்கும், குடும்பம் மதுரையில் கல்யாண வீட்டில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் உரிமைகள் பற்றிய பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சமர்ப்பித்த பிறகு திருத்த முடியாது என்றே வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தும் முன் ஏற்றிய கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.