பளபளக்கும் தரை, முறிந்த மணிக்கட்டு: வேலூர் முதியோர் இல்லம் ஒன்றில் எங்கள் அனுபவம்

காட்பாடி நண்பர் தன் அப்பாவுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார். "உங்கள் அம்மா இருக்கும் இல்லம் எப்படி?" என்று செய்தி அனுப்பியிருந்தார். கட்டண உயர்வுக் கடிதம் வந்த அதே வாரம் பார்த்துக் கேட்டுவிட்டார். பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

ஊருக்கு வெளியே மலையடிவாரம், இருவர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, வாரம் ஒருமுறை மருத்துவர். இதெல்லாம் அவர்களுடைய நோட்டீஸிலேயே இருக்கிறது. நான் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தரை முழுக்க வழுவழுப்பான வெள்ளை டைல்ஸ். விடிகாலை ஐந்து மணிக்குச் சோப்புத் தண்ணீரும் பினாயிலும் ஊற்றித் துடைக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் கழிவறைக்கு எழுந்திருப்பதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். பலர் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள், கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தாலே ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சர்க்கரை நோயால் உள்ளங்கால் மரத்துப்போனவர்களுக்கு ஈரம் இருப்பதே காலுக்குத் தெரியாது. வாக்கரின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கழிவறைக்குள் பிடித்துக்கொள்ளக் கம்பியெல்லாம் முறையாகப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கம்பியை எட்டுவதற்கு முன்பே அம்மா விழுந்துவிட்டார்.

கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பு தப்பியது. உடனே வண்டி வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், தாமதிக்காமல் எனக்குச் சொன்னார்கள், மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்வரை ஒருவர் கூடவே இருந்தார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிவேட்டில் "தானாக விழுந்தார்" என்று எழுதி வைத்திருந்தார்கள். பின்னே, யாரோ தள்ளிவிட்டார்கள் என்றா நான் புகார் கொடுத்தேன்?

துடைக்கும் நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டேன். பத்து மணிக்கு, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு துடைத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு ரூபாய் செலவில்லை. மேலாளர் சொன்ன பதில்: காலைச் சிற்றுண்டிக்கு உபயதாரர்கள் வருவார்கள், அதற்குள் தரை பளிச்சென்று இருக்க வேண்டும். பிறந்த நாள், திதி என்று ஏதாவது ஒரு குடும்பம் வந்து, இட்லி பரிமாறி, படம் எடுத்துக்கொண்டு போகும். நல்ல மனிதர்கள்தான், டைல்ஸின் பளபளப்பைப் பார்த்து நன்கொடை தருபவர்களாக எனக்குத் தெரியவில்லை. அப்படி எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே எரியும் டியூப்லைட் தரையில் அப்படியே தெரிகிறது.

மாவுக்கட்டைப் பிரித்ததோடும் இது முடியவில்லை. விழுந்த பயத்தில் அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். குடித்தால்தானே எழுந்து போக வேண்டும்! கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது ஊரறிந்த கதை. சிறுநீர்த் தொற்று வந்தது. காய்ச்சல்கூட இல்லை, ஒரு நாள் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்றா என்று போனில் கேட்டார். வயதானவர்களுக்குத் தொற்று சில சமயம் இப்படிக் குழப்பமாகத்தான் வெளிப்படும் என்றார் மருத்துவர். ரத்தத்தில் சோடியமும் இறங்கியிருந்தது.

என் போனுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்திருந்தவர் இரவுப் பணியில் இருக்கும் ஆயா. "பாட்டி பேச்சு நேற்று மாதிரி இல்லை, தண்ணீர்ச் செம்பும் வைத்தபடியே இருக்கிறது" என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். குடியாத்தம் பக்கத்துக்காரர். பக்கத்து அறையில் எழுந்திருக்கவே முடியாத ஒரு பாட்டி இருக்கிறார். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் "10 வலது, 12 நேராக, 2 இடது" என்று எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி, ஒவ்வொரு முறை புரட்டிப் படுக்க வைத்ததும் ஆயா ஒரு கோடு போடுகிறார். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை. பல மாதப் படுக்கையிலும் அந்தப் பாட்டிக்கு ஒரு படுக்கைப் புண் இல்லை. பெரிய மருத்துவமனைகளே திணறும் காரியம் இது. அதைச் செய்ய ஆள் இருக்கும் இடத்தில் துடைப்பதை ஐந்து மணி நேரம் தள்ளிப்போட ஆளில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் முள்ளுக் கத்திரிக்காயில் சமையல்காரர் வைக்கும் கொஸ்துக்காகவே அம்மா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறார். பணம் கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: வருமானவரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்தால், 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

யாரிடம் முறையிடுவது என்று நண்பர் கேட்டிருந்தார். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே கவனிக்காத பிள்ளைகள் மீது ஜீவனாம்சம் கேட்கலாம், வழுக்கும் தரை மீது கேட்க முடியாது. முதியோர் உதவி எண் 14567-இல் பொறுமையாகக் கேட்டு வழி சொல்கிறார்கள். காலை 8 முதல் இரவு 8 வரை. எங்கள் ஆட்கள் விழுவதோ விடிகாலையில்.

ஆக, என் பதில்: சேர்க்காதீர்கள். கட்டணத்தை உயர்த்தத் தெரிந்தவர்களுக்கு, வழுக்காத பட்டை நாலு வாங்கி ஒட்டத் தெரியவில்லை. இதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டினாலும் அது கூடுதல்.

"அப்படியானால் அம்மாவை எங்கே மாற்றப் போகிறீர்கள்?" என்று உடனே கேட்டார். எங்கும் மாற்றவில்லை. அந்த ஆயா அங்கே இருக்கும்வரை அம்மாவும் அங்கேதான். நீங்களும் மீறிச் சேர்ப்பதென்றால் மாலையில் போய்ச் சுற்றிப் பார்க்காதீர்கள், விடிகாலை ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள். ஆண்கள் பகுதியிலும் கீழ்த்தளத்து இரவுப் பணி அதே ஆயாவுடையதுதான். அங்கேயே கட்டில் கேளுங்கள். இப்போதைக்கு ஒன்றுதான் காலி என்றார்கள். நாளைக்கே போன் செய்துவிடுங்கள்.