டெக்சஸில் வேட்டை: லீஸா, 48 டாலர் பெர்மிட்டா, குலுக்கலா?

டெக்சஸில் மானுக்குப் பஞ்சமில்லை, நிலத்துக்குத்தான் பஞ்சம். அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் அதிகம் உள்ள மாநிலம் இது. ஆனால் நிலத்தில் சுமார் 95 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் வேலி தாண்டினால் குற்றம். அதனால் புதிதாக வேட்டை பழகுகிறவர் யாருடைய நிலத்தில் இறங்குவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். என் ஓட்டு பொது நிலத்துக்கு. காரணத்தைச் சொல்கிறேன்.

உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது லீஸை. சில பேர் சேர்ந்து ஒரு பண்ணைக்காரரிடம் ஆண்டுக் கட்டணம் கட்டி வேட்டை உரிமை எடுக்கிறார்கள். வசதிக்குக் குறையே இல்லை. மக்காச்சோளம் தூவும் பீடர் வைக்கலாம், மறைந்து உட்காரும் கூண்டை அங்கேயே விட்டுவைக்கலாம், சீசனில் நினைத்த வாரம் போகலாம். காட்டுப்பன்றி என்றால் இன்னும் சுலபம். 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் அதற்கு வேட்டை லைசென்ஸே தேவையில்லை. சீசனும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. சிக்கல் பணம்தான். நல்ல இடத்தில் ஒரு ஆளின் பங்கே ஆயிரக்கணக்கான டாலர் வரும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நேரம் தவறாமல் சோளம் கொட்டும் இடத்தில் காத்திருந்து பழகியவருக்குத் தடம் பார்க்கவும் காற்றின் திசை அறியவும் அவசியமே வருவதில்லை.

தனியார் நிலத்திலேயே இன்னொரு வகை உண்டு: பணம் கட்டி ஒன்றிரண்டு நாள் வெளிநாட்டு விலங்குகளை வேட்டையாடுவது. கிண்டிப் பூங்காவில் நாம் பார்த்து வளர்ந்த புள்ளிமானும் வெளிமானும் 1930களில் டெக்சஸுக்கு வந்து பெருகிவிட்டன. தெற்கே கிங் பண்ணைப் பகுதியில் நீலகாயும் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் இந்த விலங்குகளுக்கு இங்கே மாநிலச் சட்டத்தில் சீசனும் இல்லை, வரம்பும் இல்லை. லைசென்ஸ் மட்டும் வேண்டும். புள்ளிமான் இறைச்சிக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் முதல் வேட்டைக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

சரி, பொது நிலம். மாநிலவாசிக்கு வேட்டை லைசென்ஸ் 25 டாலர், வெளிமாநிலத்தாருக்கு 315 டாலர். அதற்கு மேல் 48 டாலர் கொடுத்தால் ஆண்டுப் பொது வேட்டை பெர்மிட் கிடைக்கும். ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் திறந்துவிடும். ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சாம் ஹூஸ்டன் தேசிய வனம் மட்டுமே 1,60,000 ஏக்கருக்கு மேல். விதிகள் இங்கே இறுக்கம். இரை போடக்கூடாது. துப்பாக்கி வேட்டைக்குப் பகலில் 400 சதுர அங்குல அளவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு உடையும் ஆரஞ்சுத் தொப்பியும் வேண்டும். தனியார் நிலத்தில் சட்டம் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், அங்கேயும் போட்டுக்கொள்வதே புத்தி. வன எல்லையில் மரத்தில் ஊதா வண்ணக் கோடு தென்பட்டால் உடனே நில்லுங்கள். டெக்சஸில் அதற்கு 'உள்ளே வராதே' பலகைக்குச் சமமான சட்ட பலம் உண்டு. நவம்பர் முதல் சனிக்கிழமை மானுக்கான பொது சீசன் தொடங்கும்போது கூட்டம் மொய்க்கும். வார நாளில் போங்கள், சாலையிலிருந்து நன்றாக உள்ளே நடங்கள். வெறுங்கையோடு திரும்பும் நாள்தான் அதிகம், ஆனால் நான் மேலே சொன்ன தடமும் காற்றும் அந்த நாட்களில்தான் பிடிபடும்.

குலுக்கல் இதைவிடவும் நல்லது, கிடைத்தால். மாநிலத்தின் பூங்காக்கள் மற்றும் வனவிலங்கு துறை, வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளிலும் மாநிலப் பூங்காக்களிலும் சில நாட்களுக்கு மட்டும், குலுக்கலில் எடுத்த சில ஆட்களை விடுகிறது. விண்ணப்பத்துக்கு 3 முதல் 10 டாலர். பெயர் வந்தால் பெரும்பாலும் 80 அல்லது 130 டாலர். பெயர் வராவிட்டால், அடுத்த குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் புள்ளி சேரும். கூட்டம் குறைவு, மானும் வேட்டைக்காரர் தொந்தரவு அதிகம் படாதது, ஊழியர்கள் விதிகளை நேரில் விளக்குவார்கள். இந்த விலைக்கு எந்தப் பண்ணையிலும் இப்படிக் கிடைக்காது. ஆகஸ்டிலேயே கடைசித் தேதிகள் வரத் தொடங்கும் என்பதால் கோடையிலேயே விண்ணப்பியுங்கள்.

எந்த வழியில் போனாலும் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மான் விழுந்த உடனே லைசென்ஸில் உள்ள டேகை (அடையாளச் சீட்டை) அதில் கட்ட வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றம்.

டாலஸ், ஆஸ்டின் பக்கம் எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. டெக்சஸ் லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யார் சொன்னாலும், விசாவில் இருப்பவர் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியைத் தொடக்கூடாது.